அறிக்கை எழுதிவிட்டால் பாடம் கற்றதாகுமா?

ஒரு பெருந்தொற்று ஓய்ந்ததும் அறிக்கைகள் வரத் தொடங்கும். நோய்க் கண்காணிப்பிலும் மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டிலும் வேலை பார்ப்பதால், அந்த அறிக்கைகளைப் படிப்பதும் அவற்றுக்கான கூட்டங்களில் உட்காருவதும் என் பணியின் ஒரு பகுதி. ஒரு நாட்டின் சுகாதாரத்துறை பாடம் கற்றதா என்று தெரிய வேண்டுமானால் வேறு இடங்களில் தேட வேண்டும் என்பது என் அனுபவம். சட்டத்தில் எது மாறியது? பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்கினார்கள்? நெருக்கடி நேரத்தில் சேர்த்த ஆட்களில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்?

தென் கொரியாவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 2015 மே மாதம், மேற்காசியப் பயணம் முடித்துத் திரும்பிய ஒருவருக்கு மெர்ஸ் என்ற கடுமையான சுவாச நோய்த் தொற்று இருந்தது. அது என்னவென்று உறுதியாவதற்குள் அவர் பல மருத்துவமனைகளின் படி ஏறி இறங்கிவிட்டார். நெரிசலான அவசர சிகிச்சைப் பிரிவுகள், நோயாளியின் பக்கத்திலேயே தங்கிக் கவனித்துக்கொள்ளும் உறவினர்கள், நல்ல மருத்துவரைத் தேடி மருத்துவமனை விட்டு மருத்துவமனை போகும் பழக்கம் எல்லாம் சேர்ந்து தொற்றைப் பரப்பின. எந்தெந்த மருத்துவமனைகளில் தொற்று இருக்கிறது என்பதை அரசு தொடக்கத்தில் வெளியிடவே இல்லை. 186 பேருக்குத் தொற்று, 38 பேர் மரணம். எண்ணிக்கை பெரிதல்ல என்று தோன்றலாம். ஆனால் மருத்துவமனைக்குப் போனதாலேயே நோய் வந்தது என்பதை மக்கள் மறக்கவில்லை.

அதன் பிறகு அங்கே நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. தொற்றுநோய்ச் சட்டம் திருத்தப்பட்டது. தொற்று பரவும் இடங்கள் குறித்த தகவலை மக்களுக்குச் சொல்வது அரசின் கடமையானது. அவசர காலத்தில் புதிய பரிசோதனைக் கருவிகளுக்கு விரைந்து ஒப்புதல் தரும் நடைமுறை வந்தது. 2020 ஜனவரி 20இல் அந்த நாட்டில் முதல் கொரோனா நோயாளி உறுதியானார். ஒரே வாரத்தில் அதிகாரிகள் சோல் ரயில் நிலையத்தில் ஓர் அறையில் பரிசோதனைக் கருவி நிறுவனங்களைக் கூட்டிப் பேசினார்கள். பிப்ரவரி 4இல் முதல் கருவிக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அந்த வேகத்துக்கான சட்டமும் கையெழுத்து போடும் அதிகாரமும் முன்பே தயாராக இருந்தன.

அந்தப் பாடத்துக்கும் ஒரு பக்கவிளைவு இருந்தது. நோயாளிகள் போய்வந்த இடங்களை நேரம் வாரியாக வெளியிட்டதில் ஆட்கள் அடையாளம் தெரிந்து அவமானப்பட்டார்கள். அந்த நாட்டு மனித உரிமை ஆணையம் 2020 மார்ச்சில் இதைச் சுட்டிக்காட்டியது, வழிகாட்டுதல்கள் திருத்தப்பட்டன. வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசும்போது இந்தப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம்.

பிரிட்டனின் கதை வேறு. நோய்ப் பரவலைச் சமாளிக்க நாடுகள் எவ்வளவு தயார் என்று தரவரிசைப்படுத்தி 2019இல் வெளியான உலக சுகாதாரப் பாதுகாப்புக் குறியீட்டில் அமெரிக்கா முதலிடம், பிரிட்டன் இரண்டாமிடம். 2016 அக்டோபரிலேயே பிரிட்டன் ‘சிக்னஸ்’ என்ற பெயரில் பெரிய ஒத்திகை நடத்தியிருந்தது. கடுமையான இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்று வந்தால் நாடு தாங்காது என்று அதிலேயே தெரிந்தது. முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பலவீனமும் தெரிந்தது. தெரிந்தவற்றில் பல செயலுக்கு வரவில்லை. முன்னாள் நீதிபதி ஹெதர் ஹாலெட் தலைமையில் நடக்கும் கொரோனா விசாரணையின் முதல் அறிக்கை 2024 ஜூலையில் வந்தபோது, நாடு தவறான பெருந்தொற்றுக்குத் தயாரானது என்றே கூறியது. இன்ஃப்ளூயன்சாவை மட்டும் மனதில் வைத்துத் திட்டம் தீட்டியதில், பரவலைத் தொடக்கத்திலேயே தடுக்க முடியுமா என்ற கேள்விக்குப் போதிய இடமே கிடைக்கவில்லை. போன முறை வந்த நோய்தான் மறுபடியும் வரும் என்று நம்புவது, பாடம் படித்த நாடுகளுக்கே வரும் ஆபத்து.

தயார்நிலையைத் தரவரிசை காட்டாது, அன்றாடம் வேலை செய்யும் ஆட்கள்தான் காட்டுவார்கள். 2014 ஜூலையில் எபோலாவோடு ஒரு பயணி லாகோஸ் விமான நிலையத்தில் இறங்கினார். நைஜீரியா போலியோ ஒழிப்புக்காக வைத்திருந்த பணிக்குழுவையும் கட்டுப்பாட்டு மையத்தின் நடைமுறையையும் அப்படியே இதற்குத் திருப்பிவிட்டது. நோயாளிகளோடு தொடர்பில் இருந்த ஏறக்குறைய 900 பேரை வீடு வீடாகப் போய்க் கண்காணித்தார்கள். 20 பேருக்குத் தொற்று, 8 மரணங்களோடு முடிந்தது. அக்டோபர் 20இல் நாடு எபோலா இல்லாததாக அறிவிக்கப்பட்டது. கதவைத் தட்டிப் பேசத் தெரிந்த ஊழியர்களை நெருக்கடி வந்த பிறகு உருவாக்க முடியாது.

என் மேசைக்கு வருவது ‘லைன் லிஸ்ட்’ என்ற பட்டியல். ஒரு நோயாளிக்கு ஒரு வரி. நான் முதலில் பார்ப்பது தேதிகளை: அறிகுறி தொடங்கிய நாள், மருத்துவரிடம் வந்த நாள், எங்களுக்குத் தகவல் வந்த நாள். இந்த நாட்களுக்கு இடையே உள்ள இடைவெளியில்தான் தொற்று பரவுகிறது. அவசரத்தில் அறிகுறி தொடங்கிய நாளைக் கேட்காமல், பதிவு செய்த நாளையே இரண்டு கட்டத்திலும் எழுதிவிடுவது எங்கும் நடக்கும். அப்போது திங்கட்கிழமைதோறும் நோய் எகிறுவது போல வரைபடம் காட்டும். உண்மையில் சனி, ஞாயிறு பதிவு செய்ய ஆள் இருந்திருக்காது. ‘7-1-7’ என்று இப்போது பல நாடுகள் பின்பற்றும் இலக்கு இந்தத் தேதிகளைத்தான் அளக்கிறது: தொற்று தலைகாட்டிய 7 நாளுக்குள் கண்டுபிடி, 1 நாளுக்குள் தெரிவி, அடுத்த 7 நாளுக்குள் தொடக்க நடவடிக்கைகளை முடி. எங்கே தாமதம், ஏன் தாமதம் என்று ஒவ்வொரு சிறு தொற்றுக்கும் கேட்டுப் பழகிய நாடு பெரிய தொற்றிலும் கேட்கும்.

மறுஆய்வுக் கூட்டங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்று உண்டு. ஒரு செவிலியர் எழுந்து சொல்வார்: “காய்ச்சலோட வர்றவங்களும் டயாலிசிஸ்க்கு வர்றவங்களும் ஒரே வாசல்லதான் வந்தாங்க சார். பின்வாசல் சாவி யார்கிட்ட இருக்குன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியல.” இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. அறிக்கையாக வரும்போது அது “துறைகளுக்கு இடையிலான ஒருங்கிணைப்பு வலுப்படுத்தப்பட வேண்டும்” என்று மாறியிருக்கும். சாவியும் போய்விடும், வாசலும் போய்விடும். பரிந்துரை ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் செய்வார், எந்தத் தேதிக்குள், எந்த நிதியிலிருந்து என்று எழுதச் சொல்லி நான் வற்புறுத்துவது இதனால்தான். மயான வைராக்கியம் வீடு போய்ச் சேர்வதற்குள் கரைந்துவிடும் என்பார்கள். அரசுகளுக்கும் அது பொருந்தும். அது கரைவதற்குள் கையெழுத்து வாங்க வேண்டும்.

தொற்று நடந்துகொண்டிருக்கும்போதே கற்க முடியும் என்பதற்கும் பிரிட்டனே சான்று. ‘ரிகவரி’ என்ற மருந்துப் பரிசோதனையை 2020 மார்ச்சில் தொடங்கினார்கள். படிவங்களை மிகச் சுருக்கமாக வைத்து, சாதாரண வார்டு மருத்துவர்களே நோயாளிகளைச் சேர்க்கும்படி அமைத்தார்கள். ஜூன் 16இல் முடிவு வந்தது. டெக்சாமெதாசோன் என்ற பழைய, விலை குறைந்த ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் உயிரைக் காப்பாற்றவில்லை என்பதையும் அதே பரிசோதனைதான் சொன்னது. தயார்நிலையில் தவறிய அதே நாடு இதில் உலகுக்கே உதவியது. எந்த நாட்டையும் முழுக்கப் புகழவோ முழுக்கப் பழிக்கவோ நான் தயங்குவது இதனால்தான்.

நாடுகளுக்கு இடையே இன்னொரு தீராத கணக்கு இருக்கிறது. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் புதிய வகை வைரஸைக் கண்டுபிடித்து உடனே உலகுக்குச் சொன்னார்கள். அதுதான் ஒமைக்ரான். பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது விமானத் தடை. உண்மையைச் சீக்கிரம் சொன்னவருக்கு இழப்பு என்றால், அடுத்த முறை சொல்பவர் யோசிக்க மாட்டாரா? 2025 மே 20இல் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றது. ஆனால் கிருமி மாதிரிகளைப் பகிரும் நாடுகளுக்குத் தடுப்பூசியும் மருந்தும் எப்படிப் பங்காகக் கிடைக்கும் என்ற பகுதியை மட்டும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

வழக்கமான சிகிச்சை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2021இல் மட்டும் உலகில் 2.5 கோடிக் குழந்தைகள் முத்தடுப்பூசித் தவணைகளில் ஒன்றையாவது தவறவிட்டார்கள். காசநோய் மரணங்கள் பல ஆண்டுகளாகக் குறைந்துவந்து, 2020இல் மீண்டும் ஏறின. அடுத்த திட்டத்தில் காய்ச்சல் வார்டுக்கு எத்தனை படுக்கை என்பதோடு, தடுப்பூசி முகாமை யார் நடத்துவார் என்பதும் இருக்க வேண்டும்.

நீங்கள் மருத்துவத்துறையில் இல்லாதவராக இருந்தாலும் சில கேள்விகளைக் கேட்கலாம். உங்கள் நாட்டில் கடைசிப் பெருந்தொற்று ஒத்திகை எப்போது நடந்தது, அதன் முடிவு பொதுவெளியில் இருக்கிறதா? ஹாலெட் விசாரணை, நாடு தழுவிய ஒத்திகையை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது நடத்த வேண்டும், கண்டறிந்தவற்றை மூன்று மாதங்களுக்குள் வெளியிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. எந்த நாட்டிலும் கேட்கக்கூடிய அளவுகோல் அது. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த ஆய்வகப் பணியாளர்கள், நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடிக் கண்டறிந்த ஊழியர்கள் இப்போது எங்கே? அப்போது நிறுவிய ஆக்சிஜன் நிலையங்களைக் கடைசியாக எப்போது இயக்கிப் பார்த்தார்கள், பராமரிப்புக்கு நிதி இருக்கிறதா? மக்கள் பிரதிநிதிகளிடமும் சுகாதார அலுவலகங்களிடமும் இவற்றை எழுத்தில் கேளுங்கள். பதிலும் எழுத்தில்தான் வேண்டும் என்று சொல்லுங்கள்.