வற்றாத சுனையும் மக்காத துணியும்

யாங்கூனில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு தேங்காய் தலைப்பாகை கட்டிக்கொண்டு தொங்குகிறது. உரிக்காத முழுத் தேங்காய். அதன்மேல் சிவப்புத் துணி. வீட்டின் தென்கிழக்குத் தூணில் அதைக் கட்டுவது பர்மியர் வழக்கம். தென்கிழக்கு நமக்கு அக்னி மூலை. பொருத்தத்தைப் பாருங்கள்: அந்தத் தேங்காய்க்கு உரிய தெய்வமான மின் மகாகிரி, தீயில் மாண்டவர். பலசாலியான அந்தக் கொல்லரைக் கண்டு அஞ்சிய, தகாங் என்ற பழைய பர்மிய நகரத்தின் அரசன், அவரைச் செண்பக மரத்தில் கட்டி எரித்தான் என்றும், தங்கையும் அதே தீயில் பாய்ந்தாள் என்றும் கதை. எரிந்த உடம்புக்கு இளநீர் குளிர்ச்சி. அவர் முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவதில்லை.

அண்ணனும் தங்கையும் குடியிருப்பதாக நம்பப்படும் இடம் போப்பா மலை. பழைய தலைநகரான பகானிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். வழியெங்கும் செம்மண், பனை, எள், நிலக்கடலை. இராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்த எங்கள் பாட்டனார் இந்த வழியாக வந்திருந்தால், ஊர் வந்துவிட்டது என்று பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பார். அந்தக் காய்ந்த நிலத்தின் நடுவே 1518 மீட்டர் உயரத்தில் பச்சைப் பசேலென்று ஒரு மலை. அதைச் சுற்றிலும் ஏராளமான ஊற்றுகள். சுற்றுவட்டாரமே தண்ணீருக்குத் தவிக்கும்போது இந்த மலைக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கிறது?

வங்கக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று முதலில் அரக்கான் மலைத்தொடரில் மோதுகிறது. கடலோரச் சிட்வேயில் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று வெப்பமடைந்து உலர்ந்துவிடுவதால், நடு பர்மாவுக்குக் கிடைப்பது 1000 மில்லிமீட்டருக்கும் குறைவு. நெல்லைச் சீமைக்கு மேற்குத் தொடர்ச்சி மலை செய்கிற அதே வேலைதான். ஆனால் சமவெளியிலிருந்து தனியே எழுந்து நிற்கும் போப்பா, மிச்சமிருக்கும் காற்றை மீண்டும் மேலே தள்ளுகிறது. மேலே போகும் காற்று குளிர்கிறது. ஈரம் மேகமாகி உதிர்கிறது. ஊருக்குப் பொய்த்த மேகத்திலிருந்து தன் பங்கைத் தானே கறந்துகொள்ளும் மலை அது.

மழை பெய்தால் மட்டும் போதாது, தங்க வேண்டும். போப்பா, ஓய்ந்துபோன எரிமலை. எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி வெடிப்பு விடும். வாயு வெளியேறிய இடங்கள் சிறு துளைகளாக நிற்கும். இடையிடையே சாம்பலும் கசடும். இந்த அடுக்குகளில் விழும் மழையில் பெரும்பங்கு ஓடையாக ஓடாமல் உள்ளே இறங்குகிறது. நெடுங்காலம் நனைந்து களிமண்ணாகிவிட்ட பழைய சாம்பலோ, இறுகிய பாறையோ குறுக்கிட்டால் அதற்குமேல் இறங்க வழியில்லை; பக்கவாட்டில் நகர்கிறது. அந்த அடுக்கை மலைச்சரிவு வெட்டும் இடத்தில் வெளியே வருகிறது. வீடு கட்டத் தார்ப்பாய்மேல் மணல் குவித்து வைத்திருப்பார்கள் அல்லவா? மழை விட்டு வெகுநேரம் ஆன பிறகும் குவியலின் அடியோரம் கசிந்துகொண்டே இருக்கும். சுனை என்பது அதுதான், மலையளவில்.

பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856இல் இந்தக் கசிவுக்கு ஒரு கணக்கு சொன்னார். டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தவர் அவர். மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அளந்து பார்த்தார்: மேலுக்கும் கீழுக்கும் நீர்மட்ட வேறுபாடு எவ்வளவோ, அதற்கேற்பவே ஓட்டம். மழைக்காலத்தில் மலைக்குள் மட்டம் உயர்ந்திருக்கும், சுனை துள்ளும். மழை நின்றதும் மட்டம் இறங்கும். அதனால் ஓட்டமும் தளரும். ஓட்டம் தளர்வதால் மட்டம் இன்னும் மெதுவாக இறங்கும். கையிருப்பு குறையக் குறையச் செலவையும் சுருக்கிக்கொள்ளும் சிக்கனக் குடித்தனம். சித்திரை வெயிலிலும் நூலிழையாகவாவது நீர் வருவதன் சூட்சுமம் இந்தக் கணக்குதான்.

அந்த நீர் ஜில்லென்று இருப்பதையும் தெய்வத்தின் பெயரில் எழுதிவிடுகிறோம். நிலத்தடியில் சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே கோடையும் குளிரும் எட்டுவதில்லை. பாறை அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்திலேயே நிற்கிறது. வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது அங்கிருந்து வரும் நீர் குளிர்கிறது. மார்கழி விடியலில் அதுவே வெதுவெதுப்பாகத் தோன்றும். மாறியது நம் தோல்தான். (குளிர்ச்சி தூய்மைக்குச் சான்று ஆகாது, ஆட்கள் நடமாடும் சுனையானால் கொதிக்க வைத்துக் குடிப்பதே நல்லது.)

இனி துணிக்கு வருவோம். மின் மகாகிரியைப் போன்ற நாட்டார் தெய்வங்களைப் பர்மாவில் ‘நாட்’ என்பார்கள். அவற்றின் நிறம் சிவப்பும் வெள்ளையும். மரத்தில் கட்டுவார்கள், பஸ் கண்ணாடியிலும் கட்டுவார்கள். மஞ்சள் துணியில் காசு முடிவதும் ஆலமரத்தில் தொட்டில் கட்டுவதும் நம் வீட்டு வழக்கங்கள். ஸ்காட்லாந்தில் மன்லாக்கி என்ற ஊரருகே ஒரு சுனை உண்டு. அங்கே துணியை நீரில் நனைத்து, நோவு கண்ட இடத்தைத் துடைத்து, பக்கத்து மரத்தில் கட்டிவிட்டுப் போவார்கள். துணி இற்று விழ விழ நோயும் தீரும் என்பது நம்பிக்கை. ஆக, நேர்த்திக்கடன் கட்டுவதில் முடிவதில்லை. இற்றுப்போவதில்தான் முடிகிறது.

பருத்தி அதற்கு ஒத்துழைக்கும். அது செல்லுலோஸ், அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி; ஈரம் கிடைத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் நொதி சுரந்து அந்தச் சங்கிலியைச் சர்க்கரையாக நறுக்கித் தின்றுவிடும். ஈரமண்ணில் விழுந்தால் சில மாதங்களிலேயே நைந்துபோகும். பாலியெஸ்டர், தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பொருள். அதை மென்று தின்னக்கூடிய நுண்ணுயிர் காட்டில் அநேகமாக இல்லை. வெயில் சாயத்தின் மூலக்கூறுகளை உடைத்துச் சிவப்பை வெளிறச் செய்யும். துணி ஆண்டுக்கணக்கில் நிற்கும், நுண்ணிழைகளாக உதிர்ந்து சுனையில் கலக்கும். துணி இற்றால்தான் நோய் தீரும் என்ற கணக்குப்படியே பார்த்தாலும், பாலியெஸ்டர் கட்டியவருக்கு இந்த ஜென்மத்தில் குணமாகாது.

மரத்தின் கதை இன்னும் மோசம். மரம் பருக்கும், முடிச்சு நெகிழாது. இலை செய்யும் உணவு பட்டையின் உட்பகுதி வழியாகவே வேருக்கு இறங்குகிறது. இறுகிய கட்டு அதை நெரித்தால் வேர் பட்டினி கிடந்து, மரமே பட்டுப்போகலாம். மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிடுவது வேர்களும் சருகும்தான். மரமும் தன் பங்குக்கு நீர் குடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் மொட்டைச் சரிவில் விழும் மழை மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடுகிறது. சுனைக்குப் போய்ச் சேருவது சொற்பம்.

கடையில் விற்கும் சிவப்புத் துணி எது என்று கண்டறிய ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் போதும். பருத்தியானால் காகிதம் எரியும் வாடையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகும். இதைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குச் செய்து காட்டத் தீப்பெட்டியை எடுத்தேன். அவர் தேங்காயை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, என்னையும் தீப்பெட்டியையும் வாசலுக்கு வெளியே அனுப்பினார்.