ராக்கெட்டில் போய்வந்த விதையும் நம் கேரட் பாத்தியும்

நீலகிரியில் கேத்தி, கோத்தகிரிப் பக்கம் விவசாயிகளோடு பேச உட்கார்ந்தால் விலை, கூலி, காட்டெருமை மூன்றையும் அலசி முடித்த பிறகு இப்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. "ஏங்க சார், விண்வெளிக்குப் போன விதை நம்ம ஊருக்கு எப்ப வரும்? நல்லா வெளையுமா?" கேட்பவர் வாட்ஸ்அப்பில் ஏதாவது வீடியோ பார்த்திருப்பார். விதைத் தொழில்நுட்பம் படித்துவிட்டு இந்த மலையில் விதை விஷயமாகவே அலைகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு வேறு வேலைகளை அந்த வீடியோக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகின்றன.

ஒன்று, செடியை விண்வெளியிலேயே வளர்த்துப் பார்ப்பது. 2024 டிசம்பர் 30 அன்று கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி60 ராக்கெட்டில் இஸ்ரோ எட்டுத் தட்டைப்பயறு விதைகளை மூடிய பெட்டிக்குள் வைத்து அனுப்பியது. நான்கு நாளில் முளைத்தது, அப்புறம் இலையும் விட்டது. இது பின்னாளில் விண்வெளி வீரர்கள் அங்கேயே எதையாவது விளைவித்துச் சாப்பிட முடியுமா என்பதற்கான முதல் படி. நம் தோட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று, விதையை அனுப்பித் திரும்பக் கொண்டுவருவது. 2025 ஜூன் 25 அன்று இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, கூடலூரைத் தாண்டினால் வரும் கேரளத்தின் வேளாண் பல்கலைக்கழக ரகங்கள் கூடவே போயின: ஜோதி, உமா நெல், கனகமணி தட்டைப்பயறு, திலகதாரா எள், சூர்யா கத்தரி, வெள்ளாயணி விஜய் தக்காளி. 2022 நவம்பரில் பன்னாட்டு அணுசக்தி முகமை சோளமும் அரபிடாப்சிஸ் என்ற ஆராய்ச்சிச் செடியின் விதையும் அனுப்பியது. சீனா 1987 முதலே இதை விடாமல் செய்துவருகிறது. அங்கே பரவலாகப் பயிராகும் லுயுவான் 502 கோதுமை, விண்வெளியில் மாறிய ஒரு வரிசையை (ஒரே வம்சத்துச் செடிகளை) கொண்டு உருவாக்கப்பட்டதுதான்.

அங்கே போனால் விதைக்கு என்ன ஆகிறது? விண்வெளியில் அதிவேகமாகப் பறந்துவரும், இங்கே காற்றுமண்டலம் தடுத்துவிடும் காஸ்மிக் துகள்கள் அங்கே விதைக்குள் பாய்கின்றன. இங்கே ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிலையத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் எண்ணிக்கொண்டிருப்பது, அந்தத் துகள்கள் மேலே காற்றில் மோதிச் சிதறியபின் வந்து சேரும் மியூவான் போன்ற சிறு துகள்களைத்தான். சிதறாத துகள் விதையின் உயிரணுவில் பட்டால் டி.என்.ஏ. அறுந்துபோகலாம். அறுந்ததைச் செல் ஒட்டும்போது தப்பாக ஒட்டினால் அது மரபு மாற்றம்.

கதிர்வீச்சின் அளவை மட்டும் பார்த்தால் விண்வெளி ஒன்றுமே இல்லை. மரபு மாற்றம் உண்டாக்க ஆய்வகத்தில் நெல் விதைக்குக் கொடுக்கும் காமா கதிரோடு ஒப்பிட்டால், விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் கிடந்த விதை வாங்குவது ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. அங்குள்ள கனமான துகள்கள் ஒரே இடத்தில் ஆழமாகச் சேதம் செய்யும், வேறு மாதிரியான மாற்றம் கிடைக்கலாம் என்பதுதான் எதிர்பார்ப்பு. 1984இல் அமெரிக்கா சுமார் ஒன்றேகால் கோடித் தக்காளி விதைகளைச் செயற்கைக்கோளில் அனுப்பி, கிட்டத்தட்ட ஆறு வருடம் கழித்து, 1990இல் திரும்ப எடுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வளர்க்கச் சொன்னது. அந்தத் தக்காளி விஷமாக இருக்குமோ என்று அப்போதே வதந்தியும் கிளம்பியது. வளர்ந்தது பெரும்பாலும் சாதாரணத் தக்காளிதான். இன்றும் சிலர் கேட்பதால் சொல்கிறேன்: இப்படிப் போய்வந்த விதையில் கதிர்வீச்சு தங்காது. வேறு உயிரின் மரபணுவைப் புகுத்தும் வேலையும் இதில் இல்லை.

என்னைக் கேட்டால், கதையே விதை திரும்பி வந்த பிறகுதான் தொடங்குகிறது. விதைக்குள் இருக்கும் கருவில் எத்தனையோ செல்கள். துகள் பட்டது அதில் ஒன்றிரண்டில். முதல் தலைமுறைச் செடியில் ஏதோ ஒரு கிளை மட்டும் மாறியிருக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தால்தான் வெளியே வரும். படிக்கிற காலத்தில் காமா கதிர் பட்ட உளுந்தின் இரண்டாம் தலைமுறையைப் பார்த்திருக்கிறேன். வரிசையாகப் பச்சை நாற்று, நடுவே திடீரென்று பால் வெள்ளையில் ஒன்று. பச்சையமே இல்லை. பருப்பில் இருக்கும் சத்து தீரும்வரை நிமிர்ந்து நிற்கும், பத்து நாளில் சாய்ந்துவிடும். மாற்றம் என்றாலே நல்ல மாற்றம் என்று நினைப்பவர்கள் அந்த வெள்ளை நாற்றை ஒருமுறை பார்க்கவேண்டும். பெரும்பாலான மாற்றங்கள் கெடுதல், அல்லது உபயோகமில்லாதவை. ஆயிரக்கணக்கான செடிகளில் ஒன்று தேறலாம், தேறாமலும் போகலாம்.

தேறியதையும் பல பருவம் பல இடத்தில் சோதிக்கவேண்டும். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் துரு நோய்ப் பூசணம் வருடம் முழுக்கச் சாகாமல் இருந்து, காற்றோடு வடக்கே போகிறது. அதனால் எந்த வரிசை துருவைத் தாங்கும் என்று இங்கே போட்டாலே தெரிந்துவிடும். விண்வெளிக் கோதுமையானாலும் இப்படி ஒரு வயலில் துருவுக்கு ஈடுகொடுத்தாகவேண்டும்.

எவ்வளவு காலம் ஆகும்? உருளைக்கிழங்கில் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் ஊட்டியில்தான் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா வெளியானது 1985இல். அது வழக்கமான கலப்புமுறையில் வந்த ரகம்.

நம் பயிர்களில் கூடுதல் சிக்கல். பூண்டைப் பல்லாகவும் உருளையைக் கிழங்காகவும் நடுகிறோம். அதில் ஒரு செல் மாறினால், மாறியதும் மாறாததும் கலந்தே அடுத்த நடவுக்குப் போகும், பிரித்தெடுப்பது தனி வேலை. கேரட் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர், குளிர் பட்டால்தான் பூக்கும், ஒரு தலைமுறைக்கே நாள் பிடிக்கும். அதிலும் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் கம்பெனி வீரிய ஒட்டு. அதன் விதையை எடுத்துப் போட்டால் எங்கேயும் போகாமலே குணம் சிதறும், எது விண்வெளி செய்தது என்று எப்படிச் சொல்வது?

ஆக, போய்வந்ததால் உருவான கேரட், பூண்டு, உருளை ரகம் எதுவும் இந்தியாவில் இன்றுவரை வெளியிடப்படவில்லை. யாராவது அப்படிச் சொல்லி டப்பாவில் நீட்டினால் பேரம் பேசவேண்டாம், சீட்டைக் கேளுங்கள். சான்று விதை என்றால் நீலச் சீட்டு. கம்பெனி பாக்கெட் என்றால் வெளிர்பச்சை உண்மைநிலை விவரச் சீட்டு. குவியல் எண், பரிசோதனைத் தேதி, காலாவதித் தேதி, முளைப்புத்திறன் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். கேரட்டுக்குக் குறைந்தபட்சம் 60 சதவீதம். சந்தேகமிருந்தால் நூறு விதையை எண்ணி ஈரத்தாளில் பரப்பிச் சுருட்டி, காயாமல் பார்த்துக்கொண்டு, ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் எண்ணுங்கள். வேர் கட்டையானதையும் இலை சிதைந்ததையும் முளைத்த கணக்கில் சேர்க்கக்கூடாது. இதைத்தான் பலர் சேர்த்துவிடுகிறார்கள்.

சீட்டில்லாத விதைக்கிழங்கை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். நூற்புழுவின் கூடு இருபது வருடத்துக்கு மேல் மண்ணில் உயிரோடு கிடக்கும். பாக்கெட் விதை வாங்கினால் பில், காலி உறை, ஒரு பிடி விதை மூன்றையும் அறுவடை முடியும்வரை வைத்திருங்கள். முளைப்பில் குறை இருந்தால் விதை ஆய்வாளர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.