ஷார்ப்னெஸ் கூட்டினால் கண்ணுக்கு என்ன ஆகிறது?

"மங்கலான போட்டோவில் ஷார்ப்னெஸ்ஸைக் கூட்டினால் தெளிவாகிவிடுகிறதே, கேமராவில் பதியாத விவரம் எங்கிருந்து வருகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எங்கிருந்தும் வருவதில்லை. விவரம் அதேதான், ஓரங்கள்தான் மாறுகின்றன.

போட்டோ என்பது ஒவ்வொரு புள்ளியின் வெளிச்ச அளவைச் சொல்லும் எண்களின் வரிசை, எண் கூடினால் வெளிச்சமும் கூடும். சாம்பல் சுவரும் வெள்ளைக் கதவும் சேரும் இடத்தில் அந்த எண்கள் 100, 100, 100, 200, 200, 200 என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் முதலில் இதை வேண்டுமென்றே மங்கலாக்குகிறது, அதாவது ஒவ்வொரு எண்ணையும் அக்கம்பக்கத்து எண்களோடு சேர்த்துச் சராசரி எடுக்கிறது: 100, 100, 133, 167, 200, 200. அசலிலிருந்து இதைக் கழித்து, கிடைத்த வித்தியாசத்தை அசலோடு கூட்டினால் 100, 100, 67, 233, 200, 200. பாருங்கள், ஓரத்தில் மட்டும் இருட்டு இன்னும் இருட்டாகவும் வெளிச்சம் இன்னும் வெளிச்சமாகவும் ஆகிவிட்டது! பிலிம் காலத்தில் நெகட்டிவோடு மங்கலான பாசிட்டிவ் நகலைச் சேர்த்து வைத்துப் பிரின்ட் போட்டு இதையே செய்தார்கள். போட்டோஷாப்பில் 'அன்ஷார்ப் மாஸ்க்' (மங்கலான மறைப்பு) என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இந்தக் கணக்கை நம் விழித்திரை எப்போதும் போட்டுக்கொண்டே இருக்கிறது என்பதுதான் எனக்குச் சொல்லித் தீராத ஆச்சரியம். வெளிச்சம் படிப்படியாக மாறும் இடங்களில், உண்மையில் இல்லாத கோடுகள் கண்ணுக்குத் தெரிவதை ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865-லேயே விவரித்துவிட்டார். காரணத்தைக் காட்டிக் கொடுத்தது அமெரிக்கக் கடற்கரையின் குதிரைலாட நண்டு. அமெரிக்க உடலியலாளர் ஹார்ட்லைன் அதன் பார்வை நரம்பிலிருந்து ஒரே ஒரு இழையைப் பிரித்தெடுத்து அதன் மின்துடிப்பைக் கவனித்தார். நண்டின் கண் பல சிறு அலகுகளால் ஆனது. அந்த இழைக்குரிய அலகில் வெளிச்சம் பட்டதும் துடிப்பு எழுந்தது. அப்புறம் பக்கத்து அலகுகளிலும் வெளிச்சம் அடித்தபோது முதல் இழையின் துடிப்பு குறைந்தது. ஒவ்வொரு அலகும் அண்டை அலகை அடக்குகிறது. அண்டையின் சராசரியைக் கழிப்பது போலத்தான் இது. நம் விழித்திரையிலும் இதே ஏற்பாடு உண்டு, இங்கே கிடைமட்டச் செல்கள் என்ற நரம்புச் செல்கள் அந்த வேலையைப் பார்க்கின்றன.

1967-இல் ஹார்ட்லைன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நண்டின் கண்ணை ஆராயப் பணம் வேண்டும் என்று இன்று யாராவது கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்றுதான் முதலில் கேட்போம். அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

ஷார்ப்னெஸ் அளவு மீறினால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். வானப் பின்னணியில் கோபுரம் நிற்கும் படத்தை எடுத்து, ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளி, பெரிதாக்கிப் பாருங்கள்: கோபுரத்தின் ஓரம் நெடுக வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும்.