ஊட்டியிலிருந்து கடலுக்கு இறங்குகிறவர்களே, நியூட்ரலை மறந்துவிடுங்கள்

"பிரேக் பிடிக்கல, கொஞ்சம் வந்து பாருங்க" என்று ஊசிமலைப் பக்கத்திலிருந்து போன் வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நியூட்ரல்ல இறக்குனீங்களா?" பெரும்பாலும் எதிர்முனையில் ஒரு சின்ன மௌனம். பிறகு, "மைலேஜ் கிடைக்கும்னு சொன்னாங்கண்ணே" என்பார்கள். கூடலூரில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இந்தப் பதில் மனப்பாடம். போன வாரமும் அதே பதில் வந்தது. பொறுக்க முடியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா, மேலே கேரியரில் சாமான். ஒரு வாரப் பயணம். ஊட்டியில் இரண்டு நாள், கூடலூர், நாடுகாணி, நிலம்பூர் வழியாகக் கோழிக்கோடு, அங்கிருந்து கடலோரமாகவே தலச்சேரி, கண்ணூர், பேக்கல் கோட்டை, திரும்பும்போது வயநாடு. அருமையான பாதை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கையில் இருந்த தாளில் ஒவ்வொரு நாளும் எங்கே சாப்பாடு, எங்கே தங்கல், எந்தக் கடற்கரையில் சூரியன் மறைவது பார்ப்பது என்று மணிக் கணக்கோடு எழுதியிருந்தது. மலையை எப்படி இறங்குவது என்று மட்டும் ஒரு வரி இல்லை. முன்சக்கரம் இரண்டும் புகைந்துகொண்டிருந்தன. பதற்றத்தில் தண்ணீர் பாட்டிலை வேறு டிஸ்க்கில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டில், கவிழ்த்திருந்தார். பழுக்கச் சூடான இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். அந்தத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பேட், டிஸ்க், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றியாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. அது அவர் செய்த புண்ணியம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். கோழிக்கோடு கடற்கரைக்கு உயரமே கிடையாது. ஆளும் சாமானுமாக ஒன்றரை டன் எடையுள்ள வண்டி இந்த உயரம் முழுவதையும் இறங்கினால் வெளிப்படுகிற ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதாவது 1,000 வாட் இஸ்திரிப்பெட்டியை ஒன்பது மணி நேரம் எரியவிட்ட சூடு. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை யார் தாங்குவது? ஒன்று இன்ஜின் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளங்கை அகலப் பிரேக் பேட் தாங்க வேண்டும். நியூட்ரலுக்குத் தள்ளிய நிமிடமே இன்ஜினைக் கழற்றிவிட்டு முழுச் சுமையையும் பேடின் தலையில் கட்டிவிடுகிறீர்கள்.

அந்த மைலேஜ் கதைக்கு வருகிறேன். இது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. அப்போது கியரில் இறங்கினாலும் இன்ஜின் கொஞ்சம் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்று ஓடுகிற கார்கள், பெட்ரோலோ டீசலோ, ஊசி வழியாக எரிபொருளைப் பீய்ச்சுபவை. கியர் போட்டபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது என்று உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். செலவு சுழியம். நியூட்ரலில் போட்டால்? சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது, இன்ஜின் அணையாமல் இருக்க கம்ப்யூட்டர் எரிபொருள் விட்டே ஆக வேண்டும். ஆக, மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து நியூட்ரலில் இறங்குபவர்தான் எண்ணெயை எரித்துக்கொண்டு இறங்குகிறார். நான் சொல்வதை நம்ப வேண்டாம். உங்கள் வண்டியின் மீட்டரில் அந்த நொடி மைலேஜ் காட்டும் வசதி இருந்தால், இறக்கத்தில் கியரோடு காலை எடுத்துப் பாருங்கள். எண் உச்சத்துக்குப் போய் நிற்கும். சோதனை என்று சொல்லி நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டாம், அதைச் சமவெளியில் செய்துகொள்ளுங்கள்.

இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்கு வலுக் கொடுக்கும் பூஸ்டர் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும், பிறகு பெடல் கல்லாகும். ஸ்டியரிங் கனக்கும். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் பூட்டினால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

"இன்ஜின் கத்துதே, கெட்டுப்போகாதா?" என்பது அடுத்த கேள்வி. கெடாது. செகண்ட் கியரில் மூவாயிரம் சுற்றில் ஓடுவதற்காகவே செய்த இயந்திரம் அது. சிவப்புக் கோட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மலை ஓட்டுநர்கள் தலைமுறையாகச் சொல்வதுதான்: எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. நடுவட்டம் தாண்டியதும் செகண்ட் கியர், செங்குத்தான இடத்தில் ஃபர்ஸ்ட். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள், வேகம் பிடித்த பிறகு அல்ல. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வராதீர்கள். தேவையான இடத்தில் அழுத்தி, வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் அது ஆறும்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது வருகிற கேஸ்களில் அவர்கள்தான் அதிகம். 'டி'யில் போட்டுவிட்டு ஊட்டியிலிருந்து கூடலூர் வரை பிரேக்கிலேயே வருகிறார்கள். லீவர் பக்கத்தில் 'எல்', '2', 'எஸ்', 'பி' (B, பார்க்கிங்குக்கான P அல்ல), 'எம்' என்று ஏதோ ஓர் எழுத்து இருக்கும், அது அலங்காரத்துக்கு இல்லை. வண்டியோடு வந்த கையேட்டில் இறக்கத்துக்கு எது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஊட்டியில் ராத்திரி நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்க வேண்டாம். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்து ஆற்றலைத் திருப்பி வாங்கிக்கொள்ள அதில் இடம் இருக்காது, அதனால் கிடைக்கும் பிரேக் பிடிப்பு குறைந்துவிடும். எண்பதில் நிறுத்துங்கள், இறக்கத்தில் கொஞ்சம் திரும்ப ஏறும்.

"புது வண்டி சார், ஏ.பி.எஸ். இருக்கு" என்பார்கள். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும். சூட்டை அது தணிக்காது.

பழைய பிரேக் ஆயில்தான் யாரும் கவனிக்காத எமன். இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரி. டாட் 3 என்றால் 205லிருந்து 140. கடலோர ஊர் வண்டிகளில் ஈரம் இன்னும் சீக்கிரம் ஏறும். சக்கரத்துச் சூட்டில் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் பஞ்சுபோலத் தரைக்குப் போகிறது. அரை மணி நேரம் நின்றால் ஆவி அடங்கி, பெடல் பழையபடி கெட்டியாகும். உடனே "சரியாயிடுச்சு" என்று கிளம்பிவிடுகிறார்கள். சரியாகவில்லை. அடுத்த இறக்கம் நாடுகாணிச் சுரம், வழிக்கடவு வரை. அங்கே மறுபடியும் கொதிக்கும். ஒருமுறை பெடல் இறங்கிய வண்டியைப் பட்டறையில் காட்டாமல் மலையை விட்டு இறக்கக் கூடாது. கிளம்புவதற்கு முன்பே, இரண்டு வருடம் ஆகியிருந்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக.

இ-பாஸ் எடுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு அது கட்டாயமானது. 2025 ஏப்ரலில் சீசனுக்காக வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. ஒரு நாள் தள்ளினால் மொத்தத் திட்டமும் தள்ளும் என்பதால் முதல் வேலையாக இதைப் பாருங்கள். மசினகுடிக்குப் போக ஆசைப்பட்டு, செயலி காட்டுகிறது என்று கல்லட்டி வழியாக இறங்கக் கிளம்பாதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டிகளை இறங்க விடமாட்டார்கள். விடாததற்குக் காரணம் இவ்வளவு நேரம் நான் எழுதியதுதான். வயநாட்டிலிருந்து முத்தங்கா, குண்டல்பேட்டை பக்கம் சுற்றித் திரும்புவதாக இருந்தால், பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

ஊட்டியிலிருந்து காலையில் கிளம்புங்கள். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால் நடுவட்டத்தில் பனிமூட்டம், நாடுகாணியில் இருட்டு. மூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோபீம் போடுங்கள். தவளைமலை, ஊசிமலைக் காட்சிமுனைகளில் நிறுத்தத்தான் போகிறீர்கள். போட்டோ எடுத்த கையோடு ஓடாமல் கால் மணி நேரம் கூட இருங்கள். சக்கரம் ஆறட்டும்.

ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. வளைவில் அரசுப் பேருந்துக்கு முழுச் சாலையும் வேண்டும், மூக்கை நுழைத்துவிட்டு ஹாரன் அடிக்காதீர்கள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை, கிளம்பும்போது எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். நடுரோட்டில் விட்டுப் போன கல்லில் மோதி விழுகிற பைக் ஓட்டும் பையன்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்.

கண்ணூர்ப் பக்கம் முழப்பிலங்காடு கடற்கரையில் மணலிலேயே கார் ஓட்டலாம், சுமார் நான்கு கிலோமீட்டர். ஓட்டாமல் யாரும் திரும்புவதில்லை. அந்தச் சமயத்தில் அனுமதி இருக்கிறதா, கடல் ஏறுகிற நேரமா என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஓட்டிய அன்றைக்கே வண்டியின் அடிப்பாகத்தையும் சக்கரத்தின் உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். உப்பும் மணலும் பேடை அழுத்தும் கேலிப்பரில் ஏறினால் பேட் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்த வண்டியோடுதான் தாமரச்சேரிச் சுரத்தின் 9 வளைவுகளையும் ஏறி, மறுபடி ஒரு மலையை இறங்கி ஊருக்குப் போகப் போகிறீர்கள்.

இத்தனையும் மீறி இறக்கத்தில் பெடல் தரைக்குப் போனால்: கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள், ஹேண்ட்பிரேக்கைப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். விளக்கும் ஹாரனும் போட்டு மற்றவர்களை விலக்குங்கள். நிற்காவிட்டால் மலைச்சுவர்ப் பக்கம் உரசி நிறுத்துங்கள். பெயின்ட் போகட்டும். பள்ளத்துப் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள்.

கடைசியாகப் பக்கத்து சீட்டிலும் பின்னாலும் உட்கார்ந்து வருகிற அம்மா, அக்காமார்களுக்கு. "ஏதோ கருகுற வாசனை வருதுன்னு அப்பவே சொன்னேன், வெளிய ஏதோ எரியுதுன்னாரு" என்று அன்று அந்த வீட்டம்மா என்னிடம் அழுதார். பட்டறையில் இதே வார்த்தைகளை வேறு வேறு குரலில் கேட்டிருக்கிறேன். வாசனை முதலில் உங்களுக்குத்தான் தெரியும், ஓட்டுகிறவர் கண் சாலையில் இருக்கும். ஒருமுறை சொல்லிவிட்டு அடங்கிவிடாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, வண்டியை ஓரம் கட்டும் வரை சொல்லிக்கொண்டே இருங்கள். நின்றதும் ரிவர்ஸ் கியரைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிள்ளைகளைச் சாலையை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்ற விடாதீர்கள்.