கொதிக்கிற தண்ணீரை ஆற்றிவிட்டு ஊற்றுங்கள்

எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டுக்குள் கிரீன் டீ மருந்தாகத்தான் நுழைந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்று தெரிந்த வாரமே ஒரு பெட்டி டீ பேக் வாங்கியாகிவிட்டது. காலையில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை டம்ளரில் ஊற்றி, பையைப் போட்டுவிட்டு, விளக்கேற்றிக் கும்பிட்டு வருவார். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். கஷாயம்போல மடக் மடக்கென்று குடித்து முடித்து வாயைக் கொப்பளிப்பார். பல வீடுகளில் இதே கதைதான். அந்தப் பத்து நிமிடத்தில் டம்ளருக்குள் என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டால் முகம் சுளிக்காமல் குடிக்கலாம்.

நாம் பால் ஊற்றிக் குடிக்கும் டீயும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்த பிறகுதான் வழி பிரிகிறது. வாழைக்காயை நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் கறுக்கிறதல்லவா? அதற்குக் காரணமான பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி தேயிலையிலும் உண்டு. இலை கசங்கியதும் அது காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு கேட்டகின் என்னும் சேர்மங்களை மாற்றிவிடுகிறது. சாதா டீயின் செம்பழுப்பு நிறம் அப்படி வருவதே. வாழைப்பூவை மோர்த்தண்ணீரில் போட்டு அந்த நொதியை நாம் அடக்கிவைக்கிறோம். கிரீன் டீ செய்பவர்கள் சூடு காட்டி அதை ஒரேயடியாகச் செயலிழக்கச் செய்கிறார்கள். ஜப்பானில் ஆவியில் வேகவைப்பார்கள், சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுப்பார்கள். அதனால் கேட்டகின்கள் மாறாமல் இலையிலேயே தங்கிவிடுகின்றன.

அவைதான் கசப்பும் துவர்ப்பும். இரண்டும் ஒன்றல்ல என்பது நாவல்பழம் தின்ற யாருக்கும் தெரியும். கசப்பை நாக்கின் சுவை மொட்டுகள் உணர்கின்றன. துவர்ப்பு தொடு உணர்ச்சியோடு சேர்ந்தது. எச்சிலுக்கு வழவழப்புத் தரும் புரதங்களைக் கேட்டகின்கள் பிடித்துத் திரளவைக்கின்றன. வழவழப்பு போனதும் நாக்கு அண்ணத்தில் உரசுகிறது.

அதே இலையில் தியனைன் என்ற அமினோ அமிலமும் இருக்கிறது. மெல்லிய இனிப்பும், காளான் சூப்பில் வருகிற நிறைவான ருசியும் அதனால் கிடைப்பவை. தியனைன் மிதமான சூட்டிலேயே சுலபமாகக் கரைந்துவிடும். கேட்டகின்களும் காஃபீனும் சூடு ஏற ஏறத்தான் வேகமாக இறங்கும். ஆகவே 70 முதல் 80 டிகிரி வரையுள்ள தண்ணீரில் இரண்டு நிமிடம் என்றால் இனிப்பு முந்திக்கொள்கிறது. 100 டிகிரியில் பத்து நிமிடம் என்றால் கசப்பு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

ஊட்டிக்காரர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடலோரச் சென்னையில் முழு 100. ஆனால் நம்மிடம் டபரா இருக்கிறது. கொதித்த தண்ணீரை டம்ளரிலிருந்து டபராவுக்கு ஒரு முறை ஆற்றினால், பாத்திரம் இழுக்கும் சூடும் ஆவியாகப் போகும் சூடும் சேர்ந்து ஏறக்குறைய 8, 10 டிகிரி இறங்கும். இரண்டு, மூன்று ஆற்று ஆற்றி அப்புறம் இலைமேல் ஊற்றுங்கள். அவசரமா? மூன்று பங்கு கொதிநீரோடு ஒரு பங்கு பானைத் தண்ணீர் கலந்தால் கணக்குப்படி 82 டிகிரிக்குப் பக்கம் வரும். பாத்திரச் சூடு கழிந்து 80க்குக் கீழே நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே இலையை இரண்டு கண்ணாடி டம்ளர்களில் போட்டு அம்மாவிடம் காட்டினேன். ஒரு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் இலை. கொதிநீர் ஊற்றியது சீக்கிரமே அடர்ந்த மஞ்சளாகி, வெந்த கீரை வாசம் அடித்தது. ஆற்றி ஊற்றியதில் சுருண்ட இலைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து அடியில் இறங்கின, நிறம் இளநீரைவிடச் சற்றே மஞ்சள். இரண்டாவதை அம்மா நிதானமாகக் குடித்தார். "இதுல சர்க்கரை போட்டியா?" என்று கேட்டார்.

தண்ணீரும் முக்கியம். கால்சியமும் பைகார்பனேட்டும் நிறைந்த போர் தண்ணீரில் டீ மங்கிப் பழுப்பாகும், மேலே மெல்லிய ஏடு படியும். காரத்தன்மை கூடினால் கேட்டகின்கள் சீக்கிரம் சிதையும் என்பதும் ஒரு காரணம். கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நிறமே தெளிந்துவிடும். இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டாலும் வெளுக்கும். ஆனால் நல்ல இலைக்கு எலுமிச்சை வேண்டியதில்லை என்பது என் கட்சி.

வாங்கும்போது முடிந்தவரை முழு இலையாக வாங்குங்கள். பல டீ பேக்குகளில் இருப்பது பொடி இலை. பரப்பு அதிகம், கசப்பும் மளமளவென்று இறங்கும். பொட்டலத்தைத் திறந்தால் புல்லோ வறுத்த பயறோ மணக்க வேண்டும், வைக்கோல் வாசம் வந்தால் பழசு. ஊறிய இலையை விரலால் விரித்துப் பாருங்கள்: இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்து தெரிந்தால் நல்ல பறிப்பு. நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரில் இலை மெதுவாக வளர்வதால் அந்தப் பருவத்துத் தேயிலைக்கு வாசம் கூடுதல், கிடைத்தால் விடாதீர்கள். கொஞ்சமாக வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்த பொட்டலம் ஈரம் இழுத்துச் சீக்கிரம் வாசம் விட்டுவிடும்.

அக்னி நட்சத்திரத்தில் சுடச்சுட எதையும் குடிக்க மனம் வராத நாட்களுக்கு இன்னொரு வழி. ஒரு லிட்டர் தண்ணீரில் நாலைந்து டீஸ்பூன் இலையைப் போட்டு, இரவு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அந்தக் குளிரிலும் தியனைன் இறங்கும், கசப்பில் பெரும்பகுதி இலையிலேயே நின்றுவிடும். காலையில் வடிகட்டினால் போதும். மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இப்போது ஒரு பாட்டில் அப்படித்தான் நிற்கிறது; மதியம் நான் தேடும்போது பாதிதான் இருக்கும்.