வெயில்தான் களையைக் கொல்கிறது

நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் கேட்டிருந்தார்: "அட்ரசின் களைக்கொல்லி அடிச்சா வெயில் நாள்ல களை சீக்கிரம் காயுது, மூட்டமா இருந்தா அப்படியே நிக்குது. ஏன் சார்?"

இலையில் வெளிச்சம் பட்டால் குளோரோபில் ஓர் எலக்ட்ரானை இழக்கும், தண்ணீரைப் பிளந்து அந்தக் குறை நிரப்பப்படும், ஆக்சிஜன் வெளியேறும், இழந்த எலக்ட்ரான் புரதம் புரதமாகக் கைமாறிப் போகிற வழியில், செடி தன் உணவைத் தயாரிக்கத் தேவையான ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும் உருவாகும். பள்ளியில் படித்ததுதான், சரி. இந்தச் சங்கிலியில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் டி1 என்ற புரதத்தில் இருக்கும் ஒரு சின்னக் குழி. பிளாஸ்டோகுயினோன் என்ற மூலக்கூறு அங்கே வந்து உட்கார்ந்தால், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு எலக்ட்ரான் வந்துசேரும்வரை அசையாது. வந்ததும் இரண்டு புரோட்டானையும் சேர்த்துக்கொண்டு சவ்வுக்குள் நழுவிப் போய்விடும், அடுத்தது வந்து அமரும். அட்ரசின் செய்வது, பஸ் சீட்டில் துண்டு போடுகிற வேலை. குழியை அது பிடித்துக்கொண்டால் எலக்ட்ரானை வாங்கிப்போக ஆளில்லை.

செடி பட்டினியால் சாகும் என்றுதான் நினைப்போம். ஆனால் பட்டினிக்கு முன்னால் வெயில் முந்திக்கொள்கிறது. குளோரோபில் வெளிச்சத்தை வாங்குவதை நிறுத்துவதில்லையே! போக வழியில்லாத அந்த ஆற்றல் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜன் மேல் இறங்கி அதை மூர்க்கமாக்க, அது சவ்வின் கொழுப்பைச் சிதைத்து, செல்லெல்லாம் கசிந்து இலை கருகுகிறது. மூட்டத்தில் இந்தச் சேதம் மெதுவாகத்தான் நடக்கும். கரும்பு தப்பிப்பது எப்படி என்றால், உள்ளே வரும் அட்ரசினோடு தன் செல்லிலிருக்கும் குளுட்டாதயோன் என்ற சின்ன மூலக்கூறை ஒட்டவைத்துச் செயலிழக்கச் செய்துவிடுகிறது.

உளுந்துக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. கரும்பு எடுத்த வயலில் உளுந்து மஞ்சளடித்தால் திருஷ்டி என்று பூசணிக்காய் உடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மண்ணில் தங்கிய மருந்தாகவும் இருக்கலாம். வேர் வழியாக நீரோடு ஏறுவதால் அடி இலைகளின் ஓரம்தான் முதலில் வெளுக்கும், குனிந்து பாருங்கள். விதைக்கும் முன் அந்த மண்ணைத் தொட்டியில் போட்டு நாலு உளுந்தை இரண்டு மூன்று வாரம் வளர்த்துப் பார்ப்பது பூசணியைவிடச் செலவு குறைவு.

களையும் சும்மா இருக்கவில்லை. 1970-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இந்த வகை மருந்துக்கு மசியாத களை பதிவானது. அப்புறம் இப்படிப்பட்ட களைகள் பலவற்றை ஆராய்ந்தபோது, டி1 புரதத்தின் 264-வது இடத்தில் செரின் போய் கிளைசின் வந்திருந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம்! அட்ரசினுக்குப் பிடி கிடைக்கவில்லை. ஆனால் பிளாஸ்டோகுயினோனுக்கும் அங்கே பிடி தளர்ந்து எலக்ட்ரான் கைமாறுவது தாமதமாகிறது, அதனால் மருந்து அடிக்காத வயலில் அந்தக் களை பெரும்பாலும் சாதாரணக் களையிடம் தோற்றுப்போகும்.