முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு: வீட்டுக்கே வரும் அரசு பிசியோதெரபி

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. முழங்கால் மூட்டு மாற்று அறுவையும் அதில் உண்டு. எந்த மருத்துவமனை, என்ன சான்று, அனுமதி எப்போது வரும் என்றெல்லாம் நம் ஆட்கள் துருவித் துருவி விசாரித்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஆனால் கால் எவ்வளவு மடங்கும், தடியை எப்போது கீழே வைக்கலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் அறுவைக்குப் பிந்தைய சில வாரங்களில்தான் முடிவாகிறது.

அந்த வாரங்களுக்கு உதவுவது வேறொரு திட்டம். அதுதான் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி தருவதும் அதே திட்டத்தின் வேலைதான். கட்டணம் கிடையாது. காப்பீட்டு அட்டை தேவையில்லை. அறுவையைத் தனியார் மருத்துவமனையில் சொந்தக் காசில் செய்துகொண்டவரும் கேட்கலாம்.

கேட்பது சுலபம்தான். உங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள். அவர்களைத் தெரியாவிட்டால் வீட்டில் யாராவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலோடு போய், "அறுவை செய்து வந்திருக்கிறார், பிசியோதெரபி வேண்டும்" என்று பெயரைப் பதியலாம். டிஸ்சார்ஜ் ஆன அன்றோ மறுநாளோ சொல்லிவிடுவது நல்லது. தையல் பிரிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் முக்கியமான இரண்டு வாரம் வீணாகப் போய்விடும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். இந்தத் திட்டத்தில் ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் என்ற கணக்கில்தான் ஆள் இருக்கிறார். அவர் தினமும் வர முடியாது. அதனால் அவர் வரும் நாளில் பயிற்சியைச் செய்துகொள்வதோடு நிற்காமல், வீட்டில் இருக்கும் ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். போனில் வீடியோ எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வாக்கரோடு வெளியே போக முடிகிற நிலை வந்ததும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள பிசியோதெரபி பிரிவுக்குப் போகலாம். அங்கும் இலவசம்தான்.

பயிற்சி என்றால் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, தொடைச் சதையை இறுக்கிச் சில நொடி பிடித்து விடுவது, படுத்தபடி குதிகாலை நழுவவிட்டு முழங்காலை மடக்குவது, இவ்வளவுதான் ஆரம்பம். இரண்டு வாரத்துக்குள் ஏறக்குறைய 90 டிகிரி மடங்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. காலை முழுசாக நீட்டுவதும் அதே அளவு முக்கியம், இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வலிக்கிறதே என்று பாசத்தோடு முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கிறார்கள். கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். தலையணை வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்தில் போட்டுவிட்டு, அது வேலை செய்யத் தொடங்கியதும் பயிற்சி செய்யலாம். முடித்ததும் துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம்.

வாக்கரிலிருந்து தடிக்கு மாறும்போது தடி, அறுவை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். தரையில் சம்மணம் போடுவதும் குத்தவைத்து உட்காருவதும் வேண்டாம். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால், நடுவில் துளையுள்ள நாற்காலியை அறுவைக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். தொடைச் சதை பழைய பலத்துக்கு வர ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். நடக்கத் தொடங்கியதும் பயிற்சியை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், நிறுத்தாதீர்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல் வழியே நீர் கசிந்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு அன்றே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108. பெயர் பதிந்தும் வீட்டுக்கு யாரும் வராவிட்டால் வட்டார மருத்துவ அலுவலரிடம் நேரில் கேளுங்கள், இல்லையென்றால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கு போன் போட்டுச் சொல்லுங்கள்.